தலை பின்னும்போது பேத்தி சொன்ன ரகசியம்: அவள் அம்மாவிடம் சொல்லலாமா?

மன்னை தாத்தா
செவ்வாய், காலை 10.20

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியது குறைவு. இன்று ஒரு விஷயத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 68 வயது. சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி தவறி மூன்று வருஷம் ஆகப்போகிறது, அதிலிருந்து குரோம்பேட்டையில் மகன் வீட்டோடு இருக்கிறேன். மகனுக்கு மதியம் தொடங்கி நள்ளிரவு தாண்டும் வேலை, வந்து படுக்க ஒன்றரை மணி ஆகிவிடும். மருமகள் எழும்பூர்ப் பக்கம் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள், எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும், அதனால் 7.20க்கு வீட்டை விட்டு இறங்கினால்தான் ரயில் சரியாக இருக்கும். பேத்தி மூன்றாம் வகுப்பு, பேரன் யு.கே.ஜி. பள்ளிக்கூட ஆட்டோ 7.50க்கு வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். 7.20இலிருந்து 7.50 வரை அந்த வீட்டில் விழித்திருக்கும் ஒரே பெரியவன் நான்.

அந்த அரை மணி நேரத்தில் என் முக்கியமான வேலை பேத்திக்குத் தலை பின்னுவது. அவள் பள்ளியில் இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் வைத்து மடித்துக் கட்டி அனுப்ப வேண்டும். என் சொந்த மகளுக்கு ஒரு நாள்கூட நான் தலை வாரியதில்லை, அதெல்லாம் அவள் அம்மா பார்த்துக்கொண்டாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது மருமகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். தென்னங்கீற்று முடையத் தெரிந்த கைதானே, மூன்று கால் பின்னல் நாலு நாளில் வந்துவிட்டது. வகிடுதான் வரவில்லை. சீப்பின் கூர் முனையை நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரே கோடாக இழுக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

இதில் நான் கண்டுகொண்ட ஒன்று. பிள்ளையை எதிரே உட்கார வைத்து "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். தலை பின்னும்போது அவள் முகம் சுவரைப் பார்த்து இருக்கிறது, என் முகம் அவளுக்குத் தெரியாது, என் கையும் வேலையில் இருக்கிறது. அப்போது தானாகவே பேசுகிறாள். யார் யாரோடு "கா" விட்டார்கள், எந்த மிஸ் இரண்டு நாளாக வரவில்லை, தம்பி ஆட்டோவில் யாரைக் கிள்ளினான், எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் வரும். நான் ம் கொட்டுவதோடு சரி.

போன வெள்ளிக்கிழமை ரிப்பன் கட்டும்போது சொன்னாள்: "தாத்தா, நான் ஸ்கூல்ல தண்ணியே குடிக்க மாட்டேன். குடிச்சா பாத்ரூம் போகணும். அங்க தாழ்ப்பாள் போடவே முடியாது. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

எனக்குக் கை நின்றுவிட்டது. தினமும் மாலை அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நான்தான் கழுவுகிறேன். முக்கால் லிட்டர் பாட்டில், பாதிக்கு மேல் அப்படியே இருக்கும், சில நாள் முழுசாகவே இருக்கும். அதை வீணாக்கக் கூடாது என்று கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வருவேன். ஜூன் மாதத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறேன். செடி நன்றாகத் துளிர்த்து நிற்கிறது. ஒரு நாள்கூட இது ஏன் மிச்சமாகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவாள், அதற்கும் இரண்டு முறை அதட்டியிருக்கிறேன்.

அவள் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் சொல்லாதீங்க என்று சொல்லித்தான் சொன்னாள். நான் போய்ச் சொல்லிவிட்டால் இனிமேல் என்னிடமும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வாள். நாலு நாளாக இதே யோசனை. உங்கள் வீட்டில் இப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?


நெல்லைப் பாட்டி
செவ்வாய், காலை 10.55

தாத்தா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ரகசியம் என்பது மிட்டாய் வாங்கிக் கொடுத்ததை மறைப்பதோடு நிற்க வேண்டும். உடம்பு சம்பந்தப்பட்டது எதையும் தாய் தகப்பனிடம் மறைக்கக் கூடாது. நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது வந்து, உங்களுக்கு முன்பே தெரியும் என்றால் மருமகள் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்?


ஓய்வு பெற்ற செவிலியர்
செவ்வாய், காலை 11.30

முப்பது வருஷம் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன், குழந்தைகள் வார்டில் பல வருஷம்.

நீங்கள் சொன்ன கணக்கைப் பாருங்கள். 7.50க்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புகிறாள்? நாலு மணி என்று வைத்துக்கொண்டால் எட்டு மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு இருக்கிறாள். அந்த வயதுப் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போக வேண்டும். பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு, கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும். தண்ணீரும் குடிக்காமல் அடக்கியும் வைத்தால் தொற்று வர வாய்ப்பு அதிகம். அதோடு மலச்சிக்கலும் சேரும், மலச்சிக்கல் இருந்தால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது, தொற்று மறுபடி மறுபடி வரும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, இப்படி வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை: சிறுநீர் கழிக்கும்போது எரியுது என்கிறாளா, அடிவயிற்றைப் பிடித்துக்கொள்கிறாளா, ஜட்டியில் சொட்டுச் சொட்டாக ஈரம் இருக்கிறதா, இரவில் படுக்கையை நனைக்காத பிள்ளை புதிதாக நனைக்கிறதா, காரணம் தெரியாத காய்ச்சல் வந்து வந்து போகிறதா, சிறுநீர் அடர் மஞ்சளாக நாற்றத்தோடு போகிறதா. இதில் ஏதாவது இருந்தால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். உங்கள் மருமகளே லேபில் இருக்கிறார், அவருக்கு இது ஒரு விஷயமே இல்லை.

ஷூவோடு ஓடுகிற பிள்ளையை இனி அதட்ட வேண்டாம்.


கோவைக்காரர்
செவ்வாய், பகல் 12.05

மாற்றுக் கருத்து. பெரியவர்கள் மகன் வீட்டில் இருக்கும்போது ஒரு எல்லை வேண்டும். பிள்ளை வளர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்கள் இதைக் கொண்டுபோய் மருமகளிடம் சொன்னால் "நீ கவனிக்கவில்லை" என்று குத்துகிற மாதிரிதான் காதில் விழும். என் வீட்டில் இப்படி ஒன்று சொல்லப்போய் ஆறு மாதம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தோம். நேராகப் பள்ளிக்குப் போய் நீங்களே வகுப்பு ஆசிரியையிடம் சொல்லிவிடுங்கள், காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும்.

அப்புறம் இன்னொன்று. காலையில் பிள்ளைகள் கிளம்பும் நேரத்தில் உங்கள் மகன் தூங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அரை மணி நேரம் எழுந்து உட்கார முடியாதா?


இரண்டு பிள்ளைகளின் அம்மா
செவ்வாய், பகல் 1.10

நான் உங்கள் மருமகள் இடத்தில் இருப்பவள். மதிய சாப்பாட்டு நேரத்தில் இதைப் படித்துவிட்டுக் கண் கலங்கிப்போய் எழுதுகிறேன்.

ஐயா, கட்டாயம் சொல்லுங்கள். கோவைக்காரர் சொல்வது போல எனக்குத் தெரியாமல் பள்ளிக்குப் போய்ப் பேசியிருந்தால் எனக்கு அதுதான் வலிக்கும். எங்களுக்குக் குழந்தையைக் கவனிக்க மனசு இல்லாமல் இல்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து இரண்டு லஞ்ச் டப்பா, இரண்டு ஸ்நாக்ஸ் டப்பா, எனக்கு ஒரு டப்பா, வீட்டில் இருப்பவர்களுக்கு டிபன், இதை முடித்து ரயிலைப் பிடித்தால் இரவு ஏழரைக்குத்தான் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறோம். அப்போது ஹோம்வொர்க் டைரி, நாளைக்கு எந்த யூனிஃபார்ம், சார்ட் பேப்பர் வாங்கினாயா என்று கேட்கவே நேரம் சரியாகப் போகிறது. அந்த நேரத்தில் அவள் எப்படித் தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்வாள்?

என் மாமியார் இப்படித்தான் ஒரு நாள், நான் துணி மடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சின்னவன் எழுத்தெல்லாம் வலது பக்கமாச் சாயுது, கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடேன்" என்றார். குறையாகவே சொல்லவில்லை. போய்க் காட்டினால் கண்ணாடி போட வேண்டியிருந்தது. இன்னும் அந்த நன்றி எனக்கு இருக்கிறது. என்ன சொல்கிறோம் என்பதைவிட எந்த நேரத்தில் சொல்கிறோம் என்று பாருங்கள். உங்கள் மருமகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது சொல்லாதீர்கள், காபி குடித்து முடிக்கட்டும்.


மன்னை தாத்தா
செவ்வாய், பகல் 2.00

எல்லோருக்கும் நன்றி. கோவைக்காரர் ஐயா, மகனைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றரை மணிக்குப் படுப்பவனை ஏழு மணிக்கு எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. நான் வேலையில் இருந்தபோது இரவு ஷிப்ட் முடித்து வந்தால் பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்று என் மனைவி அவர்களைத் திண்ணைக்கு ஓட்டிவிடுவாள். அவனுக்கும் அது ஞாபகம் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

செவிலியர் அம்மா, நீங்கள் எழுதியதில் அடிவயிற்று வலி மட்டும் இருக்கிறது. வயிறு வலிக்கிறது என்று இந்த மாதம் இரண்டு முறை சொன்னாள், நான் ஓம வாட்டர் கொடுத்தேன்.


ஓய்வு ஆசிரியை
செவ்வாய், மாலை 5.40

தொடக்கப் பள்ளியில் 34 வருஷம் வேலை பார்த்தேன், அரசுப் பள்ளியில். பள்ளிக்கூடத்துப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

இடைவேளை பத்து நிமிஷம். நானூறு பிள்ளைகள், நாலு கதவு என்றால் என்ன ஆகும்? பெரிய வகுப்புப் பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை வரிசையில் நிற்கும்போதே மணி அடித்துவிடும். அப்புறம் வகுப்பில் எழுந்து "மிஸ், பாத்ரூம்" என்றால் "இப்பதானே இடைவேளை விட்டது" என்று நாங்கள்தான் சொல்வோம். நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், இப்போது நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது. ஒரு பிள்ளையை விட்டால் பத்து பேர் எழுந்திருப்பார்கள் என்பது உண்மைதான், ஆனாலும் எந்தப் பிள்ளை அடக்க முடியாமல் நெளிகிறது என்று பார்க்கிற கண் ஒரு ஆசிரியருக்கு வேண்டும். எனக்கு அது வர இருபது வருஷம் ஆனது.

சட்டத்தில் இதெல்லாம் தெளிவாக இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் எல்லாப் பள்ளிக்கும் உண்டு என்று இருக்கிறது, தனியார் பள்ளிக்கும் அது பொருந்தும். கட்டடம் கட்டுவதோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். தாழ்ப்பாள், வாளி, குவளை, குழாயில் தண்ணீர், ஒரு நாளைக்கு இரண்டு முறை கழுவுவதற்கு ஒரு ஆள், இதெல்லாம் இருந்தால்தான் அது கழிப்பறை. தாழ்ப்பாள் என்ன விலை வரும்? ஒரு வேளை காபிச் செலவு.

தண்ணீர் விஷயத்தில் கேரளத்தில் 2019இலேயே வகுப்பு நடுவே மணி அடித்துப் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க வைக்கும் வழக்கம் வந்தது. நம் மாநிலத்திலும் 2025இல் பள்ளிகளில் "வாட்டர் பெல்" என்று கொண்டுவந்தார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் குடிக்கச் சொல்லி அடிக்கிற மணிக்குப் பின்னால் போவதற்கு ஒரு கதவும் வேண்டுமே.

நான் சேர்ந்த காலத்தில் இன்னொரு பிரச்சினை, காலை வழிபாட்டில் பிள்ளைகள் மயங்கி விழும். கேட்டால் காலையில் எதுவும் சாப்பிட்டிருக்காது, அம்மா அப்பா இருவரும் விடியும் முன்பே வேலைக்குப் போயிருப்பார்கள், பாட்டி வரக்காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பியிருப்பார். 1982இல் வந்த சத்துணவு மதியத்துக்குத்தான் கை கொடுத்தது. 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கி அடுத்த வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, எங்கள் பக்கத்துப் பள்ளியில் வழிபாட்டில் பிள்ளைகள் விழுவது நின்றுபோனதைக் கண்ணால் பார்த்தேன். உப்புமா, கிச்சடி, பொங்கல், அவ்வளவுதான், அதைச் சாப்பிட்டுவிட்டு உட்காரும் பிள்ளையின் முகமே வேறு. பிள்ளை ஏன் படிக்கவில்லை என்று கேட்பவர்கள் முதலில் வயிறு நிறைந்திருக்கிறதா, பாத்ரூம் போனதா என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

வகுப்பு ஆசிரியையிடம் சொல்லும்போது "என் பேத்தி சொன்னாள்" என்று சொல்லாதீர்கள். "கீழ்த்தளக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லையாமே, ஒரு முறை பாருங்கள்" என்று சொல்லுங்கள். பிள்ளையின் பெயர் அதில் வர வேண்டியதே இல்லை.


ஆட்டோ அண்ணன்
செவ்வாய், இரவு 9.15

பள்ளிக்கூடச் சவாரி ஓட்டுகிறேன், பதினோரு வருஷம் ஆகிறது. மாலையில் ஏறும்போதே எனக்குத் தெரியும் எந்தப் பிள்ளை அவசரத்தில் இருக்கிறது என்று, காலைப் பின்னிக்கொண்டு உட்காரும், ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் கம்பியை இறுக்கிப் பிடிக்கும். அப்படிப்பட்ட இரண்டு பாப்பாக்களை நான் முதலில் இறக்கிவிடுகிற மாதிரி ரூட்டையே மாற்றியிருக்கிறேன். அவர்கள் அம்மாவிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இதைப் படித்த பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன்.


யாழ் அம்மம்மா
செவ்வாய், இரவு 10.30

இங்கே யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். எங்கள் பள்ளிக்கூடங்கள் காலை ஏழரைக்குத் தொடங்கி மதியம் ஒன்றரைக்கு முடிகிற படியால் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்வரை பொறுத்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். வந்த உடனே சாப்பாடு, பிறகு ரியூசன், அங்கேயும் மலசலகூடம் ஒழுங்காக இராது. என் பேத்தி ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது என்று வீடு முழுக்க அந்தப் பேச்சுத்தான்.

போன வருஷம் அவள் என்னிடம் ஒரு விசயம் சொன்னாள், ரியூசனில் ஒரு பிள்ளை இவளுடைய சாப்பாட்டைப் பற்றிப் பகிடி பண்ணுகிறது என்று. நான் அன்று இரவே மகளிடம் சொன்னேன், மகள் அடுத்த நாள் போய்ச் சண்டை பிடித்தாள். விசயம் தீர்ந்தது. ஆனால் பிள்ளை என்னோடு ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவள் கோபப்பட்டது நான் சொன்னதற்காக இல்லை, தனக்குத் தெரியாமல் சொன்னதற்காக என்று பிறகு அவளே சொன்னாள்.

ஆனபடியால் தாத்தா, மருமகளிடம் சொல்வதற்கு முதல் பிள்ளையிடம் சொல்லுங்கோ, "நான் அம்மாவிடம் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இது உன் உடம்பு" என்று. அனுமதி கேட்காதையுங்கோ. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லும், பிறகு நீங்கள் அதை மீற வேண்டி வரும். சொல்லப்போகிறேன் என்று அறிவித்துவிட்டுச் சொல்லுங்கோ.


நெல்லைப் பாட்டி
புதன், காலை 6.10

அம்மம்மா சொன்னது எனக்கும் பாடம். நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் போல. ஆனாலும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்பதில் மாற்றம் இல்லை.


கோவைக்காரர்
புதன், காலை 8.45

மருமகளுக்குத் தெரியாமல் பள்ளிக்குப் போகச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்த அம்மா எழுதியதைப் படித்த பிறகு, ஆறு மாதம் பேசாமல் இருந்ததற்கு நான் சொன்ன நேரமும் ஒரு காரணமோ என்று தோன்றுகிறது. சொந்தக்காரர்கள் நாலு பேர் இருக்கும்போது சொன்னேன்.


மன்னை தாத்தா
புதன், இரவு 9.50

நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் வகிடு எடுத்து வலது பக்கம் பின்னிக்கொண்டே சொன்னேன், "கண்ணு, அந்தத் தாழ்ப்பாள் விஷயத்தை அம்மாகிட்ட இன்னைக்குச் சொல்லப்போறேன். அடக்கி வச்சா வயித்துவலி வரும், அதனாலதான்" என்று. விருட்டென்று திரும்பினாள், பாதிப் பின்னல் கையிலிருந்து நழுவிப்போனது. "உங்ககிட்டதான சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. ஆட்டோவில் ஏறும்போது டாட்டா காட்டவில்லை. தம்பி மட்டும் காட்டினான். அந்த வாசலில் நின்றுகொண்டிருந்த நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

மருமகள் வந்து காபி குடித்து முடித்தபின் சொன்னேன். "பாட்டில் மிச்சம் வருவதை நானும் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்மா, எனக்கும் தோணலை" என்று முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அவள் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. டம்ளரைக் கையில் வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "நானும் ஸ்கூல் படிக்கறப்ப அப்படித்தான் மாமா, பன்னிரண்டாவது வரைக்கும் சாயந்திரம் வீட்டுக்கு வந்துதான் போவேன். எல்லாப் பொண்ணுங்களும் அப்படித்தான்னு நினைச்சிருந்தேன்" என்றாள். எனக்கு என் மகள் ஞாபகம் வந்தது. அவளும் வந்ததும் புத்தகப் பையை எறிந்துவிட்டுக் கொல்லைக்கு ஓடுவாள். அப்போதும் நான் அதட்டியிருக்கிறேன்.

சிறுநீர்ப் பரிசோதனைக்கு நாளைக் காலை எடுத்துப் போகிறாள்.


இரண்டு பிள்ளைகளின் அம்மா
புதன், இரவு 10.20

உங்கள் மருமகள் சொன்னதுதான் என் கதையும். நேற்று இரவு என் பெரியவளிடம் நேராகக் கேட்டேன். இருட்டில், படுத்த பிறகு, அவள் முதுகைத் தடவிக்கொண்டே. முதலில் இல்லை என்றாள், பிறகு வெள்ளிக்கிழமை மட்டும் போக மாட்டேன் என்றாள். அன்றைக்குத் துப்புரவு அக்கா வருவதில்லையாம். எனக்கு இது தெரியவே தெரியாது.


ஓய்வு பெற்ற செவிலியர்
வியாழன், காலை 7.30

பரிசோதனை எடுப்பது நல்லது. முடிவு எப்படி இருந்தாலும் ஒரு பழக்கம் கொண்டுவாருங்கள். ஆட்டோ வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்பு, ஷூ போடுவதற்கு முன்னால், வருதோ இல்லையோ ஒரு முறை பாத்ரூம். அவசரப்படுத்தாமல் முழுதாகப் போக விட வேண்டும். பிள்ளைகள் அவசரத்தில் பாதியிலேயே எழுந்து வந்துவிடும், அதுவும் தொற்றுக்கு ஒரு காரணம். பையில் சின்னதாக ஒரு டிஷ்யூ பாக்கெட். தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கச் சொல்ல வேண்டாம், ஒவ்வொரு பீரியட் முடிவிலும் இரண்டு வாய் போதும்.


மன்னை தாத்தா
திங்கள், காலை 11.15

ஐந்து நாளாக எழுத முடியவில்லை, கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

பரிசோதனையில் லேசாகத் தொற்று இருந்தது. மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார், வயிற்று வலி இப்போது இல்லை.

பள்ளிக்கு மகனே போனான். காலையில் ஓய்வாக இருப்பவன் அவன்தானே என்று மருமகள் சொல்ல, வெள்ளிக்கிழமை எட்டரைக்கெல்லாம் போய் நின்றிருக்கிறான். ஆசிரியை அம்மா சொன்ன மாதிரி பேத்தி பெயரை எடுக்காமல்தான் பேசினான். அவர்கள் முதலில் அப்படியெல்லாம் இல்லை என்றார்களாம், போய்ப் பார்க்கலாமா என்றதும் ஒரு அக்காவை அனுப்பிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்களாம். இரண்டு கதவுக்கு இன்று தாழ்ப்பாள் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பு நடுவே கேட்டால் விடுவதைப் பற்றித் தெளிவாகப் பதில் வரவில்லை. அதற்கு இன்னும் இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து கேட்க வேண்டும் போலிருக்கிறது, மருமகள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு அம்மாக்களிடம் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். இருவர் வீட்டிலும் பாட்டில் முழுசாகத்தான் திரும்பி வருகிறதாம்.

மகன் இப்போது 7.20க்கு எழுந்து பேரனுக்கு ஷூ மாட்டிவிட்டு, ஆட்டோ போன பிறகு மறுபடி படுக்கிறான். நான் எழுப்பவில்லை, அவனாகத்தான்.

பேத்தி விஷயம். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தலை பின்ன வந்து உட்கார்ந்தாள், சுவரைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. எண்ணெய் தடவி, சிக்கு எடுத்து, பின்னி அனுப்பினேன். சனி ஞாயிறு அவள் அம்மா பின்னினாள். இன்று காலை இடது பக்கம் ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். "தாத்தா, இந்தப் பக்கம் ரொம்ப இறுக்கமா இருக்கு" என்றாள். அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டேன். போட்டு முடிப்பதற்குள் ஆட்டோ ஹாரன் இரண்டு முறை அடித்துவிட்டது.